மழையிலும் நடக்கும் ஒத்திகை

2025 நவம்பர் 27, 28ஆம் திகதிகளை இந்தப் பக்கங்களை வாசிக்கும் பலர் இலகுவில் மறந்துவிட முடியாது. 'டித்வா' சூறாவளி கொண்டுவந்த மழை மத்திய மலைநாட்டின் மீது கொட்டித் தீர்த்த நாட்கள் அவை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்தது. மகாவலி கரைமீறிக் கம்பளை நகருக்குள் புகுந்தது. கண்டியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகள் பல, வீடுகளையும் லயன்களையும் மரக்கறித் தோட்டங்களையும் வாரிக்கொண்டு கீழே இறங்கின. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் கண்டி.

அந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால், மண் சரிந்த சத்தத்துக்கு அடுத்தபடியாகத் திரும்பத் திரும்ப வருவது ஒரே முறைப்பாடுதான்: "போன் வேலை செய்யவில்லை." கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள், தோட்டத்தில் இருக்கும் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் நாட்கணக்கில் தவித்தார்கள். இங்கே பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கிய தாய்மாரோ, "நாங்கள் சுகமாய் இருக்கிறோம்" என்ற மூன்று சொல்லை அனுப்ப வழியின்றி இருந்தார்கள். அடுத்த தோட்டத்தில் நடந்தது இந்தத் தோட்டத்துக்குத் தெரியவில்லை. எச்சரிக்கைகள் தமிழில் போதியளவு வரவில்லை, வந்தவையும் பிந்தியே வந்தன என்ற குறையும் பரவலாகப் பேசப்பட்டது.

கைத்தொலைபேசி ஏன் மௌனித்தது? மலையுச்சியில் நிற்கும் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பற்றறி சில மணி நேரம் தாங்கும். அதன்பின் ஜெனரேற்றருக்கு டீசல் ஏற்ற வேண்டும். டீசல் ஏற்றும் பாதைதான் மண்ணுக்கடியில் கிடக்கிறதே! கோபுரம் ஒருவாறு உயிரோடு இருந்தாலும், அதை வெளியுலகத்தோடு இணைக்கும் கேபிள் பாதையோரமாகவே போவதால் பாதையோடு சேர்ந்து அதுவும் அறுந்துபோகும். ஆக, எமது கையில் உள்ள தொலைபேசி நல்லபடியாக இருந்தும் பயனில்லை. அதற்கும் மறுமுனைக்கும் நடுவே எத்தனையோ கண்ணிகள்; ஒன்று அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான்.

நடுவில் எந்தக் கண்ணியும் இல்லாமல், ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்கு நேராகப் பேசும் வழி ஒன்று உண்டு. அதைத் தொழிலாக அன்றி ஆர்வத்தினால் கற்று வைத்திருக்கும் மனிதர்களும் உண்டு. அவர்களை அமெச்சூர் வானொலியாளர்கள் என்பர். உலகம் முழுவதும் 'ஹாம்' என்ற செல்லப்பெயரால் அழைக்கப்படுகின்றனர். அவர்கள் ஆண்டுதோறும் வெட்டவெளியில் கூடி நடத்தும் ஒரு பயிற்சியைப் பற்றியும், அந்தப் பயிற்சியை மழை குழப்பும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும் இவ்விதழில் எழுத விரும்புகிறோம். எமது வாசகர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறோம்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்தவர்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வானொலி எமது மக்களுக்குப் புதிய சாமான் அல்ல. 1990களில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதை எம்மைவிட நன்கு அறிவார்கள். பொருளாதாரத் தடையினால் மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை என்ற நிலையில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பீபீசி தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டவர்கள் அவர்கள். ஒருவர் சுற்ற, இருபது பேர் சுற்றிவர இருந்து கேட்பார்கள். சுற்றுகிற கை சோர்ந்தால் செய்தி மங்கிப் போகும். இருப்பதை வைத்துத் தொடர்பை உயிரோடு வைத்திருக்கும் இந்தக் கெட்டித்தனத்தைத்தான் ஹாம் வானொலியாளர்கள் ஒரு கலையாகவே பயில்கின்றனர்.

இலங்கையின் ஒலிபரப்பே ஆர்வலர்களின் கையில் பிறந்ததுதான். 1920களில் கொழும்பு தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவியொன்றை உருவாக்கினார். வானொலி ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு கழகத்தையும் அமைத்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. கண்டிக்கும் இதில் ஒரு பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், தென்கிழக்கு ஆசியக் கட்டளைத் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்கும் அந்த மரங்களுக்கு இடையே அன்று கம்பிகள் கட்டி, பர்மா முனைவரை செய்தி பேசினார்கள்.

வெட்டவெளியில் ஒரு நாள்

ஹாம் வானொலியாளர் பொதுவாக வீட்டு அறையில் இருந்துதான் பேசுவார். மேசை, மின்சாரம், கூரைமேல் நிலையான அன்ரனா எல்லாம் இருக்கும். ஆனால் ஆபத்து வரும் நாளில் இவை எதுவும் இருக்காது. எனவே ஆண்டுக்கு ஒரு முறையாவது வீட்டை விட்டு வெளியேறி, ஒன்றும் இல்லாத ஓர் இடத்தில் நிலையமொன்றை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. அமெரிக்க வானொலியாளர் சங்கம் 1933இல் இதைத் தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் ஜூன் மாத நான்காவது வார இறுதியில் அங்கு நடக்கிறது. 'களநாள்' என்று நாம் இதைத் தமிழில் சொல்லலாம். பிரித்தானியாவிலும் இதே போன்ற களநாள் நடக்கிறது.

களநாளின் விதிகள் சுவாரசியமானவை. சுமார் ஒரு நாள் முழுவதும் இது நடக்கும். எத்தனை நிலையங்களோடு பேசினார்கள் என்பதற்குப் புள்ளி உண்டு. ஆனால் பெரிய கருவிக்குப் புள்ளி குறைவு. ஜெனரேற்றர்கூட இல்லாமல் பற்றறியிலோ சூரிய ஒளியிலோ 5 வோட்டுக்கு மேற்படாத சக்தியில் பேசினால் புள்ளி 5 மடங்காகும். ஒரு சைக்கிள் விளக்கின் அளவு சக்தி அது! எளிய வழிக்கு அதிகப் புள்ளி. இந்த ஒழுங்கைச் செய்தவர்கள் கிராமத்து மனிதர்களாக இருந்திருக்க வேண்டும் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

ஜூன் மாதம் அமெரிக்காவில் இடிமழைக் காலம். எனவே களநாளும் மழையும் இணைபிரியாத சோடி. கூடாரம் பறந்துபோவதும், கம்பம் சாய்வதும், இடி நெருங்கியதால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாகனத்துக்குள் ஒதுங்கியிருப்பதும் அங்கே ஆண்டுதோறும் கேட்கும் கதைகள். மழை வந்து நாளைக் கெடுத்துவிட்டது என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அனுபவசாலிகள் அப்படிச் சொல்வதில்லை. வெயிலில் நடந்த களநாள் உல்லாசப் பயணம் போலத்தான் முடிகிறது. மழையில் குழம்பிய களநாளில்தான் எது உடையும், எது தாங்கும், யார் பதறுவார், யார் நிதானமாய் இருப்பார் என்பது தெரியவருகிறது.

கண்டி மலைகளில் இது எப்படி இருக்கும்?

எமது மலைநாட்டில் இதை வைத்துப் பார்ப்போம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், சுற்றிவர மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். தெற்கே ஹந்தானை மலைத்தொடர், கிழக்கே தூரத்தில் நக்கிள்ஸ். கையில் பிடித்துப் பேசும் சிறிய வோக்கி-டோக்கி போன்ற கருவிகளின் அலை நேர்கோட்டில் போவது. ஹந்தானை முகட்டில் நின்றால் வெகுதூரம் கேட்கும். ஆனால் அதே கருவியோடு மலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்துக்கு இறங்கினால் இரண்டு கட்டைக்கு அப்பால் இருப்பவரோடும் பேச முடியாது. மலை அலையை மறித்துவிடும். மலையுச்சியில் ஓர் இடைநிலையம் வைத்து இதைச் சமாளிக்கலாம்தான். ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும், பாதை வேண்டும். தொலைபேசிக் கோபுரத்துக்கு நேர்ந்த கதிதான் அதற்கும் நேரும்.

இதற்குச் சிற்றலையில் ஒரு வழி இருக்கிறது. சுமார் 20 மீற்றர் நீளமான சாதாரணக் கம்பி, நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீற்றராக, இரண்டு பலா மரங்களுக்கு இடையே கொடிக்கயிறு போல நாலைந்து மீற்றர் உயரத்தில் கட்டினால் போதும். 7 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் இந்தக் கம்பியிலிருந்து புறப்படும் அலை பக்கவாட்டில் அதிகம் போகாது; செங்குத்தாக மேலே போகும். வானத்தின் உயரத்தில் உள்ள மின்னேற்றம் பெற்ற படையில் பட்டு, தண்ணீர்க் குழாயை மேல்நோக்கிப் பிடித்தால் நீர் குடைபோல விரிந்து விழுவதுபோல, சுற்றிவர முன்னூறு நானூறு கிலோமீற்றர் வட்டாரத்தில் கீழே விழும். எத்தனை மலை குறுக்கே நின்றாலும் மேலிருந்து விழும் மழையை மலை தடுக்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும். உடுதும்பறைப் பள்ளத்தில் இருப்பவர் கொழும்போடும் மட்டக்களப்போடும் பேசலாம். இரவில் அந்தப் படை மெலிந்துவிடுவதால் 3.5 மெகாஹேட்ஸுக்கு இறங்க வேண்டும். அதற்குக் கம்பி இருமடங்கு நீளம். உயரமான கோபுரம் தேவையில்லை, முகட்டுக்கு ஏறவும் தேவையில்லை. பெரிய கம்பம் வைத்தவனைவிட வேலியில் கம்பி கட்டியவன் பக்கத்து மாவட்டத்தோடு நன்றாகப் பேசுவான் என்பது புத்தகத்தில் வாசிக்கும்போது நம்பக் கடினமான செய்தி. கட்டிப் பார்த்தால்தான் நம்புவோம்.

கட்டிப் பார்க்கும்போதுதான் மழையின் பாடங்களும் வரும். மலைநாட்டில் மார்ச் முடிவிலிருந்து ஏப்ரல் வரையும், மீண்டும் ஒக்டோபர், நவம்பரிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் பளிச்சென்ற வெயில். பின்னேரம் இரண்டு மணிக்குப் பின் கறுத்துக்கொண்டு வரும். இடி, மின்னல், கொட்டும் மழை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தைப் பார்த்தே இதைச் சொல்லக்கூடியவர்கள் எமது மக்கள். இந்த மாதங்களில் முகட்டில் கம்பம் நாட்டுகிறவன் இடியைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறான்.

ஆகவே களநாளில் முதல் விதி: மின்னலைக் கண்டு இடியைக் கேட்கும் வரை எண்ணுவது. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. பேச்சை நிறுத்தி, கம்பியைக் கருவியிலிருந்து கழற்றித் தூரப் போட்டுவிட்டு, உறுதியான கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கூடாரம் பாதுகாப்பல்ல, தனிமரத்தின் அடியும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும் வரை வெளியே வரக்கூடாது. வயலில் மண்வெட்டியோடு நிற்பவருக்கும், மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கும் இதே விதி பொருந்தும். கொழுந்து நிறை குறையும் என்பதற்காக இடியில் நிற்கச் சொல்வோர் இன்னமும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

இடி வருவதை வானொலி முன்கூட்டியே சொல்லும். பழைய ட்ரான்சிஸ்டரை மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்தால், தூரத்து மின்னல் ஒவ்வொன்றுக்கும் 'கறக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் அடிக்கடி வந்து, உரக்கவும் கேட்டால் மழை நெருங்குகிறது. காசில்லாத வானிலை நிலையம் இது. பண்பலையில் இது கேட்காது. கைத்தொலைபேசியில் வருவதும் பண்பலை வானொலிதான். ஆகவே பழைய பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.

இரண்டாவது பாடம் சின்னச் சாமான்களில் வரும். பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் சுருங்கும். கட்டிய கம்பியை இழுத்து அறுத்துவிடும். நைலோன் நனைந்தால் தளரும். கம்பி தொய்ந்து நிலத்தைத் தொடும். இணைப்புகளுக்குள் நீர் இறங்கினால் வெளியில் பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் சத்தம் போகாது. குமிழ் முனைப் பேனாவால் எழுதிய குறிப்பேடு ஈரத்தில் எழுதாது, மைப்பேனா கரைந்துவிடும். பென்சில் மட்டுமே எந்த மழையிலும் எழுதும். பற்றறியைச் சேற்றில் வைத்தவர்கள் அதை ஒரு கல்லின் மேலோ பலகையின் மேலோ வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். 100 வோட் கருவி பேசும்போது சுமார் 20 அம்பியர் இழுக்கும். கேட்கும்போது ஒரு அம்பியர் அளவுதான். ஒரு கார் பற்றறியில் மணிக்கணக்காகப் பேசினால் அன்றிரவே தீர்ந்துவிடும். அதிகம் கேட்டு, கொஞ்சம் பேசினால் நாட்கணக்கில் வரும். இதையும் எவரும் காகிதத்தில் கற்பதில்லை. இரவு பதினொரு மணிக்குப் பற்றறி இறந்து, விடியும்வரை குளிரில் சும்மா இருந்தவனே கற்கிறான்.

மூன்றாவது பாடம் பேச்சைப் பற்றியது. மழை கூடாரத்தில் அடிக்கும்போது, கரகரப்பின் நடுவே ஒரு பெயரைச் சரியாக வாங்குவது எவ்வளவு கஷ்டம்! ராமாயி என்றது ராமசாமி என்று பதிவாகும். ஒரே தோட்டத்தில் மூன்று செல்வராணிகள் இருப்பார்கள். ஆகவே செய்திக்கு இலக்கம், நேரம், அனுப்புபவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டமும் பிரிவும், பெறுபவர் என ஒரு வரிசை வைத்து எழுதி, மறுமுனை அதை அப்படியே திருப்பி வாசித்த பிறகே அடுத்ததுக்குப் போவார்கள். வெயில் நாளில் இது வீண் சடங்கு போலத் தோன்றும். இறந்தவர் பெயரையும் இருப்பவர் பெயரையும் மாற்றிச் சொன்னால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது.

போர்ட் பிளேயரில் குழம்பிய போட்டி

ஒத்திகை நடுவிலேயே உண்மையான ஆபத்து வந்து சேர்ந்த சம்பவம் ஒன்று எமது பிராந்தியத்திலேயே நடந்திருக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஹாம் வானொலி இயக்க இந்திய அரசு பல ஆண்டுகளாக அனுமதி கொடுக்கவில்லை. 2004 டிசம்பரில் அனுமதி கிடைத்து, ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் குழுவொன்று போர்ட் பிளேயருக்குச் சென்றது. அது களநாள் அல்ல. அரிய தீவொன்றிலிருந்து பேசி உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் தொடர்பைச் சேர்க்கும் பயணம். ஆனால் முறை ஒன்றுதான்: வீட்டை விட்டுப் போய், விடுதியொன்றில் தற்காலிகமாகக் கம்பி கட்டி, இரவும் பகலும் பேசுவது. பல்லாயிரம் பேர் அந்தத் தீவோடு பேசுவதற்காக வரிசையில் காத்திருந்தனர்.

டிசம்பர் 26 ஞாயிறு, இந்திய நேரம் காலை 6.29க்குப் பூமி அதிர்ந்தது. பின்னர் கடல் வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. பாரதி பிரசாத்தின் குழு, தொடர்பு சேர்ப்பதை அந்தக் கணமே கைவிட்டது. அதே கருவி, அதே கம்பி, அதே மனிதர்கள். வேலை மட்டும் மாறியது. யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்தத் தீவுக்கு என்ன தேவை என்ற செய்திகளை அவர்கள் இந்தியப் பெருநிலத்துக்குக் கடத்தினார்கள். குழுவினர் சிலர் பின்னர் பெரும் அழிவைச் சந்தித்த கார் நிக்கோபாருக்கும் கருவியோடு போனார்கள். முதல் நாள் வரை வேடிக்கையாகத் தோன்றிய காரியம், மறுநாள் பல குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் செய்தியைக் கொண்டுவந்தது.

அதே நாளில் எமது தென் கரையிலும் அப்படியே. இலங்கை வானொலிச் சங்கத்தின் அப்போதைய தலைவர் விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் சிற்றலைக் கருவிகளையும் 12 வோல்ட் பற்றறிகளையும் அம்பாந்தோட்டைக்கு அனுப்பிக் கொழும்பில் பிரதமரின் நிவாரணப் பணியோடு இணைத்தனர். தொலைபேசிகள் மௌனமாக இருந்த நேரத்தில் அந்தக் கம்பி பேசியது. அவர்கள் சில பேர்தான். ஆனால் கம்பி எவ்வளவு நீளம், பற்றறி எத்தனை மணி நேரம் வரும் என்பதை அன்றைக்குத்தான் யோசிக்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கவில்லை.

எமக்கு இதில் என்ன?

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் ஹாம் கருவி வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. விலை அதிகம், அதோடு அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒலிபரப்புவது சட்ட விரோதம். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைத்து, சித்தியடைந்தவர்களுக்கே 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி வழங்குகிறது. போர்க்காலத்தில் ஒரு கம்பியைக் கண்டாலே சந்தேகம் எழுந்த நிலையை அறிந்தவர்கள் நாம். ஆகவே இந்த விடயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். கேட்பதற்கு மட்டும் எந்த அனுமதியும் தேவையில்லை. ஆனால் உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒன்று இந்தப் பரீட்சைக்குப் படித்தால் என்ன? மலையகத்தில் தமிழில் செய்தி வாங்கி, தமிழில் செய்தி அனுப்பக்கூடிய ஒருவர் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் இருந்திருந்தால் கடந்த நவம்பரில் எத்தனை பேரின் தவிப்புக் குறைந்திருக்கும்? பாடசாலை அதிபர்களும் இளைஞர் கழகங்களும் இதை யோசிக்கலாம்.

அதுவரை, கருவியே இல்லாமல் செய்யக்கூடிய களநாள் ஒன்று இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கை எப்படி வருகிறது என்பதை எமது வாசகர்கள் அறிவார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு; 100 என்றால் ஆயத்தம்; 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் உடனே வெளியேற்றம்தான். அடியும் வாயும் ஒரே அகலமான, பக்கம் நேரான ஒரு தகரப் பேணியைத் திறந்த முற்றத்தில் வைத்து அளவுகோலால் அளந்தால் இந்தக் கணக்கு எமது கையிலேயே இருக்கிறது. கொழும்பிலிருந்து செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அளந்தவர் பார்த்த செய்தி, போன் இல்லாமல், இருட்டில், கீழ் லயனின் கடைசி அறைவரை எப்படிப் போகும்? யார் ஓடுவது? பாலம் வழுக்குமா? கோயில் மணியா, தகரத் தட்டா? படுக்கையில் கிடக்கும் பாட்டியை யார் தூக்குவது? மண்டபத்தின் சாவி யாரிடம்?

இவற்றுக்கு விடையை ஒரு வெயில் நாளில் கூட்டம் வைத்து எழுதிவிடலாம், எல்லோரும் தலையாட்டுவார்கள். மழையில் ஒருமுறை நடந்து பார்த்தால்தான் சாவி வைத்திருப்பவர் பன்வில சந்தைக்குப் போயிருக்கிறார் என்பதும், டோர்ச்சில் பற்றறி இல்லை என்பதும், குறுக்குப் பாதையில் முழங்கால் அளவு நீர் ஓடுகிறது என்பதும் தெரியவரும். மண்சரிவு அபாயமில்லாத சாதாரணப் பின்னேர மழை ஒன்றைத் தெரிந்து, இடி ஓய்ந்தபின் நடந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, விளையாடட்டும். குழம்பினால் குழம்பட்டும், எங்கே குழம்பியது என்று மட்டும் எழுதி வையுங்கள்.

மகாவலித் திட்டத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரும் அதன் வயல்களும் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் போனபோது குடிபெயர்ந்த குடும்பங்கள், 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பில் வீடிழந்தவர்கள், போரினால் ஓடியவர்கள், இப்போது மண்சரிவினால் வந்தவர்கள் என்று எமது வாசகர்கள் பல வழியால் வந்து சேர்ந்தவர்கள். வந்து சேர்ந்த இடத்தில் அயலவரின் பெயரே சிலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. எனவே ஒத்திகைக்கு முன்னர் ஒரு கொப்பி திறந்து, உங்கள் வரிசையில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: வீட்டுத் தலைவர், தகப்பன் பெயர், எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், மருந்து எடுப்பவர் யார், வெளியூரில் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன. இலக்கம் போனுக்குள் மட்டும் இருந்தால் போன் இறக்கும்போது அதுவும் இறந்துவிடும். ஒரு பிரதி மண்டபத்தில், ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு, பிஸ்கற் தகரத்துக்குள் ஒரு ட்ரான்சிஸ்டரோடும் புதிய பற்றறிகளோடும் வைத்து மூடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், இரண்டு பென்சில் வையுங்கள், ஒன்றைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.